கிங் லியரின் கடைசி நான்கு வரி: எட்கரா, ஆல்பனியா?

நூலகத்தில் எடுத்த ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ புத்தகத்தில் நாடகத்தின் கடைசி நான்கு வரியை எட்கர் பேசுகிறான், இணையத்தில் இறக்கிய பிரதியில் அதே வரிகள் ஆல்பனி கோமகனின் வாயில் வருகின்றன, எது பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பு இதைப் படித்த அறிஞர்கள் கவனிக்கவில்லையா, எம்.ஏ. மாணவராக ஊரில் இருந்தபடியே இதையெல்லாம் சரிபார்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அச்சுப்பிழை பற்றிய சந்தேகம் போலத் தெரிந்தாலும் கேள்வியின் அடியில் இருப்பது வேறு. ஷேக்ஸ்பியர் எழுதியது என்று நாம் கையில் வைத்திருப்பதை யார் யார் சேர்ந்து உண்டாக்கினார்கள் என்பதுதான் அது. முதலில் நேரான விடை: இரண்டும் பிழையில்லை. 1608இல் தனிப் புத்தகமாக வந்த குவார்ட்டோவில் அந்த வரிகள் ஆல்பனிக்கு. 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் ஃபோலியோ தொகுப்பில் எட்கருக்கு. உங்கள் இரு பிரதிகளும் ஆளுக்கொரு மூலத்தைப் பின்பற்றுகின்றன.

வேறுபாடு அந்த நான்கு வரியோடு நிற்கவில்லை. குவார்ட்டோவில் உள்ள சுமார் 300 வரிகள் ஃபோலியோவில் இல்லை. ஃபோலியோவில் உள்ள சுமார் 100 வரிகள் குவார்ட்டோவில் இல்லை. புத்தி பேதலித்த லியர் தன் மகள்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு நடத்தும் பொய் விசாரணை குவார்ட்டோவில் மட்டும் வருகிறது. லியரின் இளைய மகள் கார்டீலியா கடிதம் படித்து அழுததை ஒருவர் வந்து சொல்லும் காட்சியும் அப்படியே. விதூஷகன் புயலுக்கு நடுவே சொல்லும் ஆரூடப் பாட்டு ஃபோலியோவில் மட்டும் உண்டு. இவை எல்லாவற்றையும்விடப் பெரிது லியரின் மரணம். ‘இதயமே, உடைந்துவிடு’ என்ற வரியைக் குவார்ட்டோவில் லியரே சொல்லிச் சாகிறான். ஃபோலியோவில் அதைச் சொல்வது அவனுடைய விசுவாசி கென்ட். லியரின் கடைசி வார்த்தைகள் அங்கே வேறு: ‘அவள் உதடுகளைப் பாருங்கள், அங்கே பாருங்கள், அங்கே பாருங்கள்.’ மகள் இறந்தது தெரிந்து சாகிறானா, மூச்சு வருகிறது என்ற மயக்கத்தில் சாகிறானா? லியரின் மரணம் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர் எந்தப் பிரதியைச் சொல்கிறோம் என்று முதல் பத்தியில் குறிப்பிடாவிட்டால் மீதி வாதம் அந்தரத்தில் நிற்கும்.

இப்படி இரண்டு வடிவம் எப்படி வந்தது என்று புரிய, அன்றைய அச்சுக்கூடத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும். நாடகத்தை எழுதியவர் அதை நடிகர் குழுவுக்கு விற்றுவிடுவார், அதன்பின் பிரதி குழுவின் சொத்து. ஷேக்ஸ்பியரின் கையெழுத்தில் முழு நாடகம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ‘சர் தாமஸ் மோர்’ என்ற கூட்டு நாடகத்தின் சுவடியில் உள்ள மூன்று பக்கம் அவருடையது என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே நமக்குச் சான்று அச்சுப் புத்தகங்களே. குவார்ட்டோ என்றால் ஒரு தாளை இரண்டு முறை மடித்து நான்கு இலை, எட்டுப் பக்கம் ஆக்குவது. முதல் ஃபோலியோவில் மூன்று தாள்களை ஒருமுறை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஆறு இலை, பன்னிரண்டு பக்கம் ஆக்கினார்கள். ஈய எழுத்துகள் கைவசம் குறைவு என்பதால் பன்னிரண்டு பக்கத்தையும் கோத்துவிட்டு அச்சேற்ற முடியாது. உள்தாளின் 6, 7ஆம் பக்கங்களை முதலில் கோத்து அடித்து, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த சோடிக்குப் போவார்கள். அப்படியானால் முதல் ஐந்து பக்கத்துக்கு எவ்வளவு கையெழுத்துப் பிரதி பிடிக்கும் என்று முன்கூட்டியே எண்ணி அளந்தாக வேண்டும். அந்த அளவு தவறும்போதுதான் வேடிக்கை. இடம் மிஞ்சினால் ஒரு செய்யுள் வரியை இரண்டாக உடைத்துப் பரப்புவார்கள். இடம் போதாவிட்டால் செய்யுளை உரைநடைபோல் ஓட்டிவிடுவார்கள். உரைநடை, செய்யுள் மாற்றத்தில் பாத்திரத்தின் மனநிலையைக் கண்டுபிடித்து எழுதப்பட்ட சில கட்டுரைகள், அச்சுக்கோப்பவரின் இடநெருக்கடியைத்தான் விளக்கிக்கொண்டிருக்கின்றன.

லியர் குவார்ட்டோவை அச்சிட்ட நிக்கலஸ் ஓக்ஸுக்கு அதுதான் முதல் நாடகம். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாளைப் படித்துப் பிழை கண்டால் இயந்திரத்தை நிறுத்தித் திருத்துவார்கள், ஆனால் முன்பு அடித்த தாளைத் தூக்கி எறிய மாட்டார்கள். காகிதம் விலை கூடியது. திருத்திய தாளும் திருத்தாத தாளும் கலந்தே கட்டப்படும். இப்போது எஞ்சியிருக்கும் 12 படிகளும் இதனால்தான் தங்களுக்குள்ளேயே வேறுபடுகின்றன. மூன்றாம் அங்கத்தில் புயலைச் சொல்லும் ஓர் அடைமொழியைப் பாருங்கள். திருத்தாத தாளில் ‘க்ரூலென்ஷியஸ்’ என்று பொருளே இல்லாத ஒரு சொல். திருத்திய தாளில் ‘டெம்பெஸ்டியஸ்’, அதாவது சூறாவளியான. ஃபோலியோவில் ‘கன்டென்ஷியஸ்’, அதாவது மல்லுக்கு நிற்கும். கையெழுத்தில் இருந்தது பெரும்பாலும் ஃபோலியோவின் சொல்லாகவே இருக்கும். கோத்தவர் அதைத் தப்பாகப் படித்தார், திருத்தியவர் பிரதியைப் பார்க்காமல் புயலுக்குப் பொருத்தமாக ஒன்றை ஊகித்துப் போட்டுவிட்டார். திருத்தப்பட்டது என்பதாலேயே சரியானது ஆகிவிடாது என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முன்பிருந்தவர்கள் கவனிக்கவில்லையா என்றால், நன்றாகவே கவனித்தார்கள். அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம். நாடகம் அச்சான காலத்தில் அதைப் படிப்புக்குரிய பொருளாகவே பெரும்பாலோர் கருதவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் நூலகம் எழுப்பிய தாமஸ் போட்லி, நாடகப் புத்தகங்களைக் குப்பை என்று ஒதுக்கச் சொன்னவர். அந்த நூலகத்துக்கு 1623ஐ ஒட்டி வந்த முதல் ஃபோலியோவைக்கூடப் பின்னால் வந்த பதிப்பு கிடைத்ததும் விற்றுவிட்டார்கள். 1905இல் ஒரு மாணவர் தன் வீட்டுப் புத்தகத்தை அதன் பைண்டிங் பற்றிக் கேட்கக் கொண்டுவந்தபோது அது இவர்களுடைய பழைய படி என்று தெரிந்து, மறு ஆண்டு நன்கொடை திரட்டி 3000 பவுண்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில்தான் பதிப்பு வேலை சூடு பிடித்தது. 1709இல் நிக்கலஸ் ரோ பாத்திரப் பட்டியலும் முறையான அங்க, காட்சிப் பிரிப்பும் சேர்த்தார். 1725இல் அலெக்ஸாண்டர் போப் தனக்குப் பிடிக்காத வரிகளைப் பக்கத்தின் அடிக்குத் தள்ளினார். 1733இல் திபால்ட் அவரைவிடப் பொறுமையாகப் பழைய பிரதிகளை ஒப்பிட்டார். இவர்கள் எல்லோரும் ஒரு நம்பிக்கையில் ஒன்றுபட்டார்கள்: ஷேக்ஸ்பியர் எழுதியது ஒன்றே, அது உடைந்து இரண்டு புத்தகத்தில் சிதறிக் கிடக்கிறது, ஒட்டவைக்க வேண்டும். குவார்ட்டோவின் 300 வரியும் ஃபோலியோவின் 100 வரியும் சேர்ந்த நீளமான லியர் அப்படித்தான் பிறந்தது. சுமார் இருநூற்றைம்பது ஆண்டு உலகம் படித்தது அதைத்தான். அந்த உருவத்தில் அது 17ஆம் நூற்றாண்டில் அச்சாகவே இல்லை.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பொல்லார்ட், கிரெக், மக்கெரோ ஆகியோர் ரசனையை ஓரம் வைத்துவிட்டுக் காகிதத்தையும் மையையும் ஆராயத் தொடங்கினார்கள். 1600, 1608 என்று ஆண்டு போட்ட சில குவார்ட்டோக்கள் உண்மையில் 1619இல் ஒரே அச்சுக்கூடத்தில் அடிக்கப்பட்டவை என்று காகிதத்தின் நீர்க்குறியை வைத்து 1908இல் கிரெக் நிறுவினார். லியரின் இரண்டாம் குவார்ட்டோவும் அந்தப் பொய்த் தேதிக் கும்பலில் ஒன்று. பிறகு சார்ல்டன் ஹின்மன் வாஷிங்டனிலுள்ள ஃபோல்ஜர் நூலகத்தின் ஃபோலியோ படிகளில் 55ஐ எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். இரண்டு படிகளின் ஒரே பக்கத்தைக் கண்ணாடிகள் வழியே மாறி மாறிக் காட்டி, வேறுபடும் இடம் மட்டும் துடிப்பதுபோல் தெரியச் செய்யும் கருவியை இதற்கென்றே அமைத்தார். முனை உடைந்த எழுத்து எந்தெந்தப் பக்கத்தில் திரும்ப வருகிறது என்று பின்தொடர்ந்து அச்சேறிய வரிசையைக் கண்டுபிடித்தார். 1963இல் வந்த அவர் நூலின் முடிவுகள் பெருமளவு இன்றும் நிற்கின்றன. அச்சுக்கோப்பவர்களை எழுத்துக்கூட்டலை வைத்துப் பிரிப்பதும் இந்த மரபில் வந்ததே. ‘டூ’, ‘கோ’ என்ற சொற்களின் ஈற்றில் ஒரு இ எழுத்தைச் சேர்ப்பவர் ஒருவர், சேர்க்காதவர் இன்னொருவர். இதில் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பது மட்டும் ஆய்வுக்கு ஆய்வு மாறிக்கொண்டே வருகிறது.

1970களின் பிற்பாதியில்தான் ஒட்டவைக்கும் நம்பிக்கை ஆட்டம் கண்டது. இரண்டு லியரும் இரண்டு தனி நாடக வடிவங்கள், ஷேக்ஸ்பியரே திருத்தி எழுதியிருக்கலாம் என்று மைக்கேல் வாரன், கேரி டெய்லர் போன்றோர் வாதிட்டனர். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டின் முழுத்தொகுப்பு இரண்டையும் தனித்தனியே அச்சிட்டது. இங்கே உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு அச்சு வடிவம் இருப்பதும் அவற்றுக்கிடையிலான வேறுபாடுகளும் உறுதி. அந்த மாற்றத்தைச் செய்தது ஷேக்ஸ்பியரா, நடிகர் குழுவா, வேறு யாராவதா என்பது உறுதியில்லை. ஓக்ஸிடம் காகிதம் போதாமல் வரிகள் விடுபட்டன, இருந்தது ஒரே லியர்தான் என்று 2016இல் பிரையன் விக்கர்ஸ் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதற்குக் கடும் மறுப்புகளும் வந்தன. திருத்தம் நடந்தது என்ற கட்சிக்கே சான்று கூடுதல் என்பது என் கணிப்பு, ஆனால் திருத்திய கை யாருடையது என்பதில் பந்தயம் கட்ட மாட்டேன்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு பதிப்பை எடுத்ததும் நாடகத்துக்கு முன்னால் மூலபாடக் குறிப்பைப் படியுங்கள், எந்த மூலத்தை அடிப்படையாகக் கொண்டார்கள் என்று இரண்டு வரியாவது இருக்கும். அது இல்லாத புத்தகத்தை மேற்கோளுக்குப் பயன்படுத்தாதீர்கள். கடையில் கிடைக்கும் கைடுகளில் பெரும்பாலானவை இதிலேயே தோற்றுவிடும். 1997இல் ஃபோக்ஸ் பதிப்பித்த ஆர்டன் லியர், குவார்ட்டோவில் மட்டும் உள்ள பகுதிக்கும் ஃபோலியோவில் மட்டும் உள்ள பகுதிக்கும் தலைக்கு மேல் சின்ன எழுத்துக் குறி போட்டிருக்கும். ஃபோல்ஜர் பதிப்பு வெவ்வேறு வகை அடைப்புக்குறிகளால் காட்டும், அது இணையத்தில் இலவசம். ஆர்டன் போன்ற பதிப்புகளில் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓடும், பிரதிகளின் வேறுபாடுகளைச் சொல்லும் பாடபேத வரியைத் தாண்டிப் போகாதீர்கள். உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்பைப் பார்த்துப் பழகியவருக்கு அது அந்நியமாக இருக்காது. மேடைக் குறிப்புகளில் சதுர அடைப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் பதிப்பாசிரியர் சேர்த்தவை. ‘அரண்மனையின் இன்னோர் அறை’ போன்ற இடக்குறிப்புகளும் அன்றைய அச்சில் இல்லாதவை, வெறும் மேடையில் நடந்த காட்சிக்கு 18ஆம் நூற்றாண்டு போட்ட திரைச்சீலை. முழு நாடகத்தையும் ஒப்பிட ஆசைப்பட்டு இறங்கினால் இரண்டாம் நாளே கை ஓய்ந்துவிடும். சுமார் நூறு வரிக் காட்சி ஒன்றை எடுத்து, குவார்ட்டோ, ஃபோலியோ, நவீனப் பதிப்பு மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து, பேசுபவர் பெயர், வரிப்பிரிப்பு, நிறுத்தற்குறி, சொல் என்று நான்கையும் தனித்தனி ஓட்டத்தில் பாருங்கள். ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கண் தனக்குப் பழகிய பாடத்தையே படிக்கும். மேற்கோள் காட்டும்போது அங்கம், காட்சி, வரி எண்ணோடு பதிப்பையும் சொல்லுங்கள், உரைநடைப் பகுதிகளில் வரி எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

பழைய அச்சைப் படிப்பது தோன்றுவதைவிட எளிது. நீள எஸ் எழுத்து எஃப் போலத் தெரியும், ஆனால் நடுக்கோடு முழுதாகக் குறுக்கே போகாது. யூவும் வியும் ஒரே எழுத்தின் இரண்டு வடிவம்: சொல்லின் தொடக்கத்தில் வி, நடுவில் யூ. ஐயும் ஜேயும்கூட ஒரே எழுத்துதான், பெரும்பாலும் ஐ வடிவமே அச்சாகும். இது தேடலில்தான் ஆளைக் கவிழ்க்கும். இன்று ஆய்வுக்கு அடிப்படையாக இருக்கும் ஆங்கிலப் பழம்பதிப்புத் தொகுப்பான இஇபிஓவின் படங்களைப் பார்க்க நிறுவனச் சந்தா வேண்டும். ஆனால் அதிலிருந்து கையால் தட்டச்சு செய்த டிசிபி (டெக்ஸ்ட் கிரியேஷன் பார்ட்னர்ஷிப்) பாடங்கள் பொதுவுக்குத் திறந்தவை: 2015இல் சுமார் 25,000 நூல், 2020இல் மீதி, மொத்தம் ஏறத்தாழ 60,000. அதில் இன்றைய எழுத்துக்கூட்டலில் ‘லவ்’ என்று மட்டும் தேடினால் நடுவில் யூ போட்டு அச்சான அத்தனை காதலும் தப்பிவிடும். எழுத்து வேறுபாடுகளைச் சேர்த்துத் தேடும் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள், அது இல்லாத தளத்தில் ஒவ்வொரு வடிவத்தையும் தனியே தேடுங்கள். படிக்க முடியாத எழுத்துக்குக் கரும்புள்ளி வைத்திருப்பார்கள், அந்தச் சொல்லும் தேடலில் சிக்காது. ஒரு நூலுக்குப் பெரும்பாலும் ஒரு பதிப்புதான் தட்டச்சாகியிருக்கிறது, எனவே ‘இந்தச் சொல் இத்தனை முறை வருகிறது’ என்று எண்ணிக்கை காட்டும்போது எதை எண்ணினோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். படங்களிலும் குறை உண்டு. அவை பழைய கருப்புவெள்ளை மைக்ரோஃபிலிமிலிருந்து வந்தவை. புத்தகத்தின் அளவு தெரியாது, நீர்க்குறி தெரியாது, ஓரத்தில் யாரோ மங்கலாக எழுதிய குறிப்பு மறைந்துபோகும், பார்ப்பதும் ஒரே ஒரு படியைத்தான். 1935இல் கேரலைன் ஸ்பர்ஜன் ஷேக்ஸ்பியரின் உவமைகளை ஒவ்வொன்றாகக் கையால் தொகுத்து வகைப்படுத்தி நூல் வெளியிட்டார். அவ்வளவு நாடகங்களையும் வரி விடாமல் படித்தவருக்குத் தேடாததும் கண்ணில் பட்டது. தேடுபெட்டியில் நீங்கள் தட்டியது மட்டுமே வரும்.

கணினி கொண்டு ஆசிரியரைக் கண்டுபிடிக்கும் ஆய்வுகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஷேக்ஸ்பியரின் சக நாடகாசிரியர் ஃப்ளெட்சர் சில சிறு சொல் வடிவங்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவார் என்பது கணினிக்கு முன்பே தெரியும். ‘எட்டாம் ஹென்றி’யில் அவர் கை இருப்பதை ஜேம்ஸ் ஸ்பெடிங் 1850இலேயே வாதிட்டார். ‘டைட்டஸ்’ நாடகத்தில் பீல், ‘டைமன்’ நாடகத்தில் மிடில்டன், ‘பெரிக்ளிஸ்’ நாடகத்தில் வில்கின்ஸ் என்ற சக நாடகாசிரியர்களின் கை இருப்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். 2016இல் வந்த புதிய ஆக்ஸ்ஃபோர்டு தொகுப்பு ஆறாம் ஹென்றி நாடகங்களில் மார்லோவை இணையாசிரியராகப் போட்டது சர்ச்சைக்குரியது. சிறு சொற்களைத்தான் இந்த முறைகளில் பல எண்ணுகின்றன. அச்சுக்கோப்பவர் தன் பழக்கத்துக்கு மாற்றிப்போடுவதும் அதே சிறு சொற்களைத்தான்.

கவிதைக்கு நாடகத்தைவிடச் சிக்கல் கூடுதல், ஏனென்றால் பல கவிஞர்கள் அச்சை நாடவே இல்லை. ஜான் டன்னின் கவிதைகள் நண்பர்களிடையே கைப்பிரதியாகச் சுற்றின. தொகுப்பு 1633இல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து வந்தது. காதலி படுக்கைக்கு வருவதைப் பாடும் அவருடைய எலிஜி வகைக் கவிதை அந்தத் தொகுப்பில் இடம்பெறவில்லை, 1669 பதிப்பில்தான் சேர்ந்தது. அதில் ஒரு வரி சில பிரதிகளில் ‘களங்கமற்றவளுக்குப் பரிகாரம் தேவையில்லை’ என்றும், வேறு சிலவற்றில் ‘பரிகாரத்துக்கு இங்கே இடமில்லை, களங்கமின்மைக்கு அதைவிட இல்லை’ என்றும் நிற்கிறது. ஒன்று அவளைத் தூயவள் என்கிறது, மற்றது அந்தப் பாவனையையே கிண்டல் செய்கிறது. அவர் கையெழுத்தில் எஞ்சியிருக்கும் ஒரே ஆங்கிலக் கவிதை ஒரு செய்யுள் கடிதம் என்பதால், இந்த வரியில் தீர்ப்புச் சொல்ல ஆசிரியரின் பிரதி நம்மிடம் இல்லை. அச்சிட்டவற்றிலும் அமைதியில்லை. 1609இல் வந்த ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் என்ற பதினான்கு வரிக் கவிதைகளில் 146ஆவதன் முதல் வரி எப்படி முடிகிறதோ அதே சொற்களோடு இரண்டாம் வரி தொடங்குகிறது. கோத்தவர் கண் மேல்வரிக்குத் தாவிவிட்டது. அங்கே இருந்த சொற்கள் நமக்குத் தெரியாது. எந்தப் பதிப்பில் எதைப் படித்தாலும் அந்த இடத்தில் இருப்பது பதிப்பாசிரியரின் ஊகம். அந்தச் சொற்களின் ஓசைநயத்தைப் புகழ்ந்து கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

ஊரிலிருந்தபடி முடியுமா என்றால், முக்கால்வாசி முடியும். ஆக்ஸ்ஃபோர்டு நூலகம், தான் விற்றுத் திரும்ப வாங்கிய அதே ஃபோலியோவின் வண்ணப் படங்களை இலவசமாக வைத்திருக்கிறது. ஃபோல்ஜரின் படத் தொகுப்பும் திறந்ததே. முடியாதது காகிதத்தைத் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்து, தாள்கள் எப்படித் தைக்கப்பட்டுள்ளன என்று பார்ப்பது. அதை நம்பி நிற்கும் வாதங்களை நீங்கள் புதிதாக எழுப்ப முடியாது, பிறர் முடிவை அவர்கள் பெயரோடு எடுத்தாளலாம். அடுத்த கட்டமாகக் கைப்பிரதிகளுக்குப் போவதானால் அக்காலத்து செக்ரட்டரி கையெழுத்தைப் பழக வேண்டும். இ எழுத்து திரும்பிப் படுத்திருக்கும், எச்சின் வால் வரிக்குக் கீழே சுழன்று இறங்கும், சி எழுத்து ஆர் போல ஏமாற்றும். எம், என், யூ, ஐ எல்லாம் ஒரே மாதிரிக் குத்துக்கோடுகளாக வரும், அவற்றைப் படிக்காமல் முதலில் கோடுகளை எண்ணுங்கள். பி எழுத்தின் காலில் குறுக்குக் கோடு இருந்தால் அது ‘பெர்’ அல்லது ‘பார்’ என்பதன் சுருக்கம். படியெடுக்கும்போது எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள், விரித்தெழுதிய சுருக்கத்தைச் சாய்வெழுத்தில் காட்டுங்கள், தெரியாத எழுத்துக்கு ஊகம் போடாமல் இடம் விடுங்கள். ஃபோல்ஜரின் கைப்பிரதித் தளத்தில் படமும் அதன் எழுத்துப்பெயர்ப்பும் சேர்ந்து கிடைக்கின்றன. சமையல் குறிப்பு, கடிதம் போன்ற சிறியவற்றில் தொடங்கி, பெயர்ப்பை மூடிவைத்துப் படித்துவிட்டுப் பிறகு திறந்து சரிபாருங்கள். கவிதைச் சுவடிகளை அதற்குப் பிறகு எடுங்கள். கடிதத்தில் தப்பாகப் படித்த சொல் வாக்கியத்தில் பொருந்தாமல் உடனே தெரிந்துவிடும், டன் கவிதையில் தப்பான சொல்லும் அழகாகவே பொருந்தித் தொலைக்கும்.